பெங்களூரு குளிர் திராட்சைக்குப் பத்தாது

(திரையில்: மது வீட்டுக்கும் நாட்டுக்கும் உயிருக்கும் கேடு)

நந்தி மலைக்கு விடியற்காலையில் பனிமூட்டம் பார்க்கப் போனவர்கள், திரும்பும் வழியில் தொட்டபள்ளாபுரம் பக்கம் ஒயின் திராட்சைத் தோட்டங்களைப் பார்த்திருப்பீர்கள். அதைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் கேட்கிற கேள்வி இது: இங்கேதான் ஸ்வெட்டர் போடுகிற அளவுக்குக் குளிருதே, அப்புறம் ஏன் ஜெர்மனி ரீஸ்லிங், பிரான்ஸின் ஷாம்பெயின் பக்கத்து பினோ நுவார் மாதிரி குளிர்நாட்டுத் திராட்சை ஒயின் ஒன்று இங்கே வரவில்லை? சரி, அதையும் பார்ப்போம். அப்படியே, உண்மையான குளிர்ப் பிரதேசத்தில் இரண்டரை ஏக்கரை வைத்துக்கொண்டு, அதுவும் ஆர்கானிக்காக ஒயின் செய்கிறவர்கள் என்ன பாடுபடுகிறார்கள் என்பதையும் பார்த்துவிடலாம்.

முதலில் ஒரு சின்னக் கணக்கு. 10 டிகிரி செல்சியஸுக்குக் கீழே போனால் திராட்சைக் கொடி கிட்டத்தட்ட வளர்வதே இல்லை. அதனால் ஒரு நாளின் சராசரி வெப்பநிலையில் 10-ஐக் கழித்து, மிச்சத்தை ஏப்ரல் முதல் அக்டோபர் வரை நாள்தோறும் கூட்டிக்கொண்டே போங்கள். 1944-ல் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆமரைன், விங்க்லர் என்ற இருவர் இந்த முறையில்தான் அந்த மாநிலத்தின் தோட்டங்களை வகை பிரித்தார்கள். கூட்டுத்தொகை சுமார் 1390-க்குள் இருந்தால் குளிர்ப் பிரதேசம். 2220-ஐத் தாண்டினால் பட்டியலின் கடைசி வகுப்பு, கடும் வெப்பம். பெங்களூருக்கு சராசரி 24 டிகிரி என்று வையுங்கள். பத்து போக 14, அதை 214 நாளால் பெருக்கினால் ஏறத்தாழ 3000!

(திரையில்: 14 × 214 = 2996)

நமக்கு ஏசி இல்லாமல் தூங்க முடிகிற ஊர், கொடிக்கு அடுப்பு.

உடனே ஊட்டியில் போடலாமே என்பீர்கள். கணக்குப்படி ஊட்டி தேறும், சராசரி 14, 15 டிகிரிதான். ஆனால் கொடி இலையும் காயுமாக நிற்க வேண்டிய மாதங்களில் அங்கே மழை கொட்டும். இன்னொன்று, ஜெர்மனியின் மோசெல் ஆற்றங்கரையில் ஜூன் மாதம் பகல் பொழுதே 16 மணி நேரம். குளிர்ந்த ஊர்தான், ஆனால் வெயில் காய நேரம் ஏராளம். நம் மலைகளில் 13 மணி நேரத்தைத் தாண்டாது.

இதையெல்லாம் விடப் பெரிய விஷயம் தூக்கம். குளிர்நாட்டில் இலை உதிர்ந்து கொடி மாதக்கணக்கில் உறங்கும், வசந்தத்தில் தானே துளிர்க்கும். இங்கே அது உறங்குவதே இல்லை. அதனால் நம் பகுதியில் வருடத்துக்கு இரண்டு கவாத்து, அதாவது கொடியை வெட்டிவிடுவது. ஏப்ரல் வாக்கில் ஒன்று, அது கிளைக்காக. செப்டம்பர், அக்டோபரில் இன்னொன்று, அது குலைக்காக. பிப்ரவரி, மார்ச்சில் அறுவடை. கவாத்து முடிந்ததும் மொட்டுகள் எல்லாம் ஒரே சமயத்தில் வெடிக்க வேண்டும் என்பதற்காகப் பல தோட்டங்களில் ஹைட்ரஜன் சயனமைடு என்ற ரசாயனத்தைத் தடவுகிறார்கள். ஆர்கானிக் சான்றிதழ் வேண்டுமென்றால் அதைத் தொடக் கூடாது. இதில் ஒரு வேடிக்கை, இந்த ரசாயனம் உடம்பில் பட்டவர் அந்தச் சமயத்தில் மது குடித்தால் முகம் சிவந்து, படபடத்து, ஆளையே சாய்த்துவிடும். ஒயின் திராட்சைக்கு இப்படி ஒரு மருந்து.

சரி, குளிரில் பழத்துக்கு என்ன நடக்கிறது? காயாக இருக்கும்போது திராட்சையில் இரண்டு புளிப்புகள் உண்டு, டார்டாரிக் அமிலம், மாலிக் அமிலம். சூடு ஏற ஏற மாலிக்கைப் பழமே சுவாசத்தில் எரித்துத் தீர்த்துவிடும். இரவு குளிர்ந்தால் அது தங்கும். வெப்பமான ஊரில் சர்க்கரை கிடுகிடுவென்று ஏறிவிடுகிறது, வாசனையும் கொட்டையின் பக்குவமும் பின்தங்கிவிடுகின்றன. கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம் நிறத்தில் அசத்திவிட்டு வாயில் ஏமாற்றுமே, கிட்டத்தட்ட அந்தக் கதை. குளிர்நாட்டுத் தோட்டக்காரர் பழத்தைக் கடித்து, கொட்டையைத் துப்பி உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பார். பச்சையாக இருந்தால் இன்னும் சில நாள் பொறுப்பார், பழுப்பாகி, கடித்தால் நறுக்கென்று உடைந்தால் அறுவடைக்கு ஆள் கூப்பிடுவார். அந்தக் காத்திருப்பில்தான் சுவை இருக்கிறது. மழை வந்து கெடுப்பதும் அதே காத்திருப்பில்தான்.

ஆர்கானிக் தலைவலி இங்கே ஆரம்பம். குளிரும் ஈரமும் சேர்ந்தால் பூஞ்சை. சாம்பல் நோய், அடிச்சாம்பல் நோய் இரண்டுமே அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்குப் போனவை, ஐரோப்பியக் கொடிக்கு அவற்றைத் தாங்கும் சக்தி கிடையாது. சாம்பல் நோய்க்குக் கந்தகத் தூள் போதும். அடிச்சாம்பலுக்கு, பிரான்ஸின் மெடாக் பகுதியில் வழிப்போக்கர்கள் பழம் பறிக்காமல் இருக்கச் சாலையோரக் கொடிகளில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து தெளித்திருந்ததையும், அந்தக் கொடிகளில் மட்டும் நோய் இல்லாததையும் கவனித்த மியார்தே என்ற தாவரவியலாளர் 1885-ல் சொன்ன மருந்துதான் ஆர்கானிக் தோட்டத்துக்கு இன்றைக்கும் கதி. போர்டோ கலவை. நம்மவர்களுக்கு இது புதிதில்லை. கர்நாடகத்தின் மலநாட்டுப் பாக்குத் தோப்புகளில் கொளெரோகா என்ற காய் அழுகல் நோய்க்கு நூறு வருடத்துக்கும் மேலாக இதைத்தான் அடிக்கிறார்கள், மைசூர் சமஸ்தானத்தில் வேலை பார்த்த லெஸ்லி கோல்மன் என்ற கனடாக்காரர் பரப்பியது.

(திரையில்: இரண்டு வாளி, ஒன்றில் நீலக் கரைசல், ஒன்றில் சுண்ணாம்புப் பால்)

ஒரு கிலோ துத்தம், ஒரு கிலோ சுண்ணாம்பு, நூறு லிட்டர் தண்ணீர். கலக்கி முடித்ததும் தேய்த்துச் சுத்தமாக்கிய இரும்புக் கத்தியை உள்ளே விட்டு எடுப்பார்கள். கத்தியில் செம்பு நிறம் படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை, அப்படியே அடித்தால் இலை கருகும். படியாவிட்டால் அடிக்கலாம்.

ஆனால் துத்தத்தில் உள்ள தாமிரம் மண்ணை விட்டுப் போகாது, சேர்ந்துகொண்டே இருக்கும், மண்புழுவுக்கு ஆகாது. அதனால் ஐரோப்பிய ஒன்றியத்தில் ஹெக்டேருக்கு (சுமார் இரண்டரை ஏக்கர்) ஏழு வருடத்தில் 28 கிலோ தாமிரம்தான் அனுமதி, அதாவது வருடத்துக்குச் சராசரி 4 கிலோ. துத்தத்தில் கால் பங்கு தாமிரம். மேலே சொன்ன கலவையை ஹெக்டேருக்கு 500 லிட்டர் அடித்தால் ஒரே தெளிப்பில் ஒன்றேகால் கிலோ, மூன்று தெளிப்பில் வருடக் கணக்கு முடிந்தது. மழையோ பத்து நாளுக்கு ஒருமுறை வந்து அடித்ததைக் கழுவிவிட்டுப் போகிறது. எனவே அளவைக் குறைத்து அடிக்கடி தெளிக்கிறார்கள். குலையைச் சுற்றியுள்ள இலைகளைக் கையால் கிள்ளிக் காற்றோட்டம் கொடுக்கிறார்கள். இன்னும் சிலர் சோலாரிஸ், ரீஜன்ட் மாதிரி நோய் தாங்கும் கலப்பின ரகங்களுக்கே மாறிவிட்டார்கள். என்னைக் கேட்டால் சின்னத் தோட்டத்துக்கு அதுதான் புத்திசாலித்தனம். ஆனால் வாங்குகிறவருக்கு அந்தப் பெயர்கள் தெரியாது, கடையில் போய் பினோ நுவார்தான் கேட்பார்.

இதற்கு நடுவே ஏப்ரல் உறைபனி வேறு. புதுத்துளிர் விட்ட பிறகு ஓரிரவு பூஜ்யத்துக்குக் கீழே இறங்கினால் வருடத்து வருமானம் கருகிவிடும். ஹெக்டேருக்கு நூற்றுக்கணக்கில் மெழுகு டப்பாக்களைக் கொளுத்தி விடிய விடிய காவல் இருப்பார்கள். சிலர் தண்ணீர் தெளித்துத் துளிரைப் பனிக்கட்டியால் மூடிவிடுவார்கள், நீர் உறையும்போது வெளிவிடுகிற வெப்பம் துளிரைக் காப்பாற்றும், ஆனால் இடையில் பம்ப் நின்றால் தொலைந்தது. 2021 ஏப்ரலில் பிரான்ஸ் முழுக்க இந்த அடி விழுந்தது. ஒரு ஹெக்டேரில் ஐந்து டன் பழம் வந்தால் சுமார் 4000 பாட்டில்தான், அதில் பாதி ஓரிரவில் போனால் மிச்சப் பாட்டில்களின் விலை எங்கே நிற்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

நந்தி மலை அடிவாரம் இதற்கெல்லாம் போட்டியே இல்லை, போட்டி போடவும் வேண்டாம். கன்வல் குரோவர் ஷாம்பெயினிலிருந்து ஜார்ஜ் வெஸெல் என்ற நிபுணரை அழைத்துவந்து 1988-ல் தொட்டபள்ளாபுரத்தில் தன் ஒயின் நிறுவனத்தைத் தொடங்கியபோதிலிருந்து இங்கே பேர் வாங்கியது கேபர்னே சாவின்யோன், ஷிராஸ் மாதிரி வெயில் தாங்கும் ரகங்கள்தான். இது உயரமான வெப்பமண்டல விவசாயம். இங்கே செய்த பாட்டில் மீது ‘குளிர்ப் பிரதேசம்’ என்று யாராவது எழுதியிருந்தால் அது விளம்பரத்துறையின் கைவண்ணம்.

கடைசியாக லேபிள். ஐரோப்பாவில் ஆர்கானிக் ஒயினில், கெடாமல் இருக்கக் கந்தக டை ஆக்சைடு சேர்க்கலாம், பொதுவாகச் சிவப்புக்கு லிட்டருக்கு 100 மில்லிகிராம் வரை, வெள்ளைக்கு 150. அமெரிக்காவில் துளியும் சேர்க்காமல் இருந்தால்தான் ‘ஆர்கானிக் ஒயின்’, சேர்த்திருந்தால் ‘ஆர்கானிக் திராட்சையில் செய்தது’ என்றுதான் போட முடியும். ஒரே பாட்டில், கடல் தாண்டினால் பெயர் மாறும். நொதிக்கும்போதே ஈஸ்ட் கொஞ்சம் கந்தக டை ஆக்சைடை உண்டாக்கிவிடும் என்பதால் ‘கந்தகமே இல்லை’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். சேர்த்தார்களா இல்லையா என்று மட்டும் கேளுங்கள். பின்பக்க லேபிளில் சான்று கொடுத்த அமைப்பின் முத்திரை இல்லாமல் முன்பக்கம் பச்சை இலைப் படம் மட்டும் இருந்தால், அது வெறும் இலைதான்.