குகைக்குள் போகுமுன் ஆற்றில் இறங்குங்கள்

வணக்கம் நேயர்களே.

தென்மேற்குப் பிரான்ஸில் பெரிகோர் என்று ஒரு நாட்டுப்புறப் பகுதி இருக்கிறது. வால்நட் தோப்பு, ஓக் காடு, வாத்துப் பண்ணை, தேன் நிறக் கல்லில் கட்டிய வீடுகள். அதன் நடுவே வெசேர் என்ற ஆறு ஓடுகிறது. மில்வாஷ் மேட்டுநிலத்தில் பிறந்து, இருநூறு கிலோமீட்டருக்குச் சற்று அதிகமாக ஓடி, தொர்தோன் ஆற்றில் கலக்கிறது. பெரிய ஆறு என்று சொல்ல முடியாது. ஆனால் மோன்தின்யாக் என்ற சிற்றூரிலிருந்து லெஸேஸி என்ற ஊர் வரைக்கும் உள்ள சுற்றுவட்டாரத்தில் மட்டும் 147 தொல்பழங்கால இடங்களும் ஓவியம் தீட்டிய 25 குகைகளும் இருப்பதாக யுனெஸ்கோ கணக்குச் சொல்கிறது. அவற்றில் முக்கியமானவை 1979இல் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன.

அங்கே போகிறவர்கள் பொதுவாக என்ன செய்கிறார்கள்? காரில் வந்து, லாஸ்கோ என்ற ஓவியக் குகையைப் பார்த்து, ஒரு கோட்டை பார்த்து, சாயங்காலம் கிளம்பிவிடுகிறார்கள். நான் சொல்வது வேறு. முதல் நாள் எந்தக் குகைக்கும் போகாதீர்கள். கனோ படகு வாடகைக்கு எடுத்து ஆற்றில் இறங்குங்கள். இத்தனை குகை ஏன் இந்த ஒரு பள்ளத்தாக்கில் என்ற கேள்விக்கு ஆறே பதில் சொல்லும்.

படகு எடுப்பதில் சிரமம் ஒன்றுமில்லை. மோன்தின்யாக்கிலும் சான்-லெயோனிலும் கோடைக்காலம் முழுக்க வாடகைக்குத் தருகிறார்கள். லைஃப் ஜாக்கெட், துடுப்பு, சாப்பாடும் துணியும் நனையாமல் வைக்கத் திருகுமூடி போட்ட பிளாஸ்டிக் டப்பா, எல்லாம் அவர்களே கொடுப்பார்கள். ஆற்றோடு இறங்கிப் போய்ச் சேர்ந்த இடத்திலிருந்து வேனில் ஏற்றிக்கொண்டு வந்து விடுவார்கள். கோடையில் ஆறு சாது. சில இடங்களில் கூழாங்கல்லில் படகின் அடி உரசும், இறங்கித் தள்ள வேண்டியிருக்கும், அவ்வளவுதான். சான்-லெயோனில் ஏறுவதற்கு முன், கரையோரமாகவே நிற்கும் பன்னிரண்டாம் நூற்றாண்டுத் தேவாலயத்துக்குள் ஒரு எட்டு போய்ப் பாருங்கள். அங்கிருந்து லெஸேஸிக்கு நிதானமாகப் போனால் அரை நாள்.

சரி, படகிலிருந்து என்ன தெரியும்? வளைவுக்கு வளைவு சுண்ணாம்புப் பாறைச் சுவர்கள். ஒரு காலத்தில் கடலடியில் படிந்த பாறை அது. அதில் கெட்டியான அடுக்கும் மென்மையான அடுக்கும் மாறி மாறி இருக்கின்றன. மென்மையான அடுக்கை ஆறும் பனியும் அரித்துவிட, கெட்டியானது மேலே நீட்டிக்கொண்டு நிற்கிறது. மேலே கூரை, கீழே திண்ணை. கட்டாமலே கிடைத்த வீடு! தெற்கே பார்த்த திண்ணை என்றால் குளிர்காலத்திலும் வெயில் அடிக்கும். பாறைக்குள்ளேயே சிக்கிமுக்கிக் கல் கிடைக்கிறது, கத்திக்கும் ஈட்டிமுனைக்கும் அதுதான் வேண்டும். எதிரே ஆற்றில் சால்மன் மீன் ஏறும். பனியுகத்தில் பனிமான் (ரெயின்டீர்) கூட்டங்கள் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் நடந்தன. ஆறு ஆழம் குறைந்து அவை கடக்கும் இடத்தில் காத்திருந்தால் போதும். இதையெல்லாம் காட்சிப் பலகையில் படித்தால் தகவல். தண்ணீர் மட்டத்தில் உட்கார்ந்து அண்ணாந்து பார்க்கும்போது, நானாக இருந்தாலும் இங்கேதான் குடியேறியிருப்பேன் என்று தோன்றிவிடும்.

வழியில் லா ரோக் சான்-கிறிஸ்டோஃப் வரும். கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளம், 80 மீட்டர் உயரம், ஐந்து தளமாகக் குடைந்த பாறை. முதலில் நியாண்டர்தால் மனிதர்கள், அப்புறம் நம் இன மனிதர்கள், இடைக்காலத்தில் ஓர் ஊரும் கோட்டையுமே அதன் மேல் இருந்தன. கத்தோலிக்கருக்கும் புராட்டஸ்டண்டுகளுக்கும் நடந்த மதப்போரின்போது, 1588இல் கோட்டையை இடித்துவிட்டார்கள். உத்தரம் செருகிய துளைகளும் தண்ணீர் ஓட வெட்டிய வாய்க்கால்களும் இன்னும் பாறையில் அப்படியே இருக்கின்றன. படிக்கட்டு அதிகம், முட்டி வலிக்காரர்கள் யோசித்து ஏறுங்கள்.

இரண்டாம் நாள் குகைகள். லாஸ்கோ கதை உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1940 செப்டம்பரில் நான்கு பையன்கள் ஒரு பொந்துக்குள் இறங்கிக் கண்டுபிடித்தார்கள். 1948இல் மக்களுக்குத் திறந்தார்கள். கூட்டத்தின் மூச்சுக்காற்றும் விளக்கு வெளிச்சமும் சேர்ந்து சுவரில் பச்சைப் பாசி படர்ந்தது. 1963இல் மூடினார்கள், மூடியது மூடியதுதான். இப்போது நாம் பார்ப்பது 2016இல் மலையடிவாரத்தில் திறந்த முழு நகல். பிரமாதமாகச் செய்திருக்கிறார்கள், ஐந்து மீட்டர் நீளக் காளைக்குக் கீழே நின்றால் நகல் என்பதே மறந்துபோகும். இருந்தாலும், ஒன்றுதான் பார்க்க நேரம் இருக்கிறது என்றால் நான் உங்களை ஃபோன்-த-கோமுக்குத்தான் அனுப்புவேன். அது அசல். பல வண்ணம் தீட்டிய குகைகளில் பிரான்ஸில் இன்னும் பொதுமக்களை உள்ளே விடுவது அது ஒன்றுதான். லெஸேஸி ஊர்ப் பள்ளி ஆசிரியராக இருந்த தெனி பெய்ரோனி 1901இல் அந்த ஓவியங்களை அடையாளம் கண்டார். ஒரு பனிமான் குனிந்து இன்னொன்றின் நெற்றியை நக்குகிறது. பாறையின் புடைப்பையே காட்டெருதின் தோளாகப் பயன்படுத்தியிருக்கிறார்கள். ஒரு நாளைக்குக் கொஞ்சம் பேரைத்தான் விடுவார்கள், அதனால் முன்கூட்டியே பதிவு செய்யாமல் போகாதீர்கள்.

இங்கே ஒரு விசித்திரம் சொல்ல வேண்டும். லாஸ்கோவில் கிடைத்த எலும்புகளில் மிகப் பெரும்பங்கு பனிமானுடையது. அதாவது சாப்பிட்டது பனிமான். சுவரில் வரைந்ததோ குதிரையும் காட்டுமாடும் செம்மானும்தான், பனிமானைத் தேடித்தான் பார்க்க வேண்டும். ஏன் என்று ஆராய்ச்சியாளர்கள் இன்னும் வாதாடிக்கொண்டிருக்கிறார்கள்.

குழந்தைகளோடு போனால் ரூஃபின்யாக் குகை. பாதாளத்துக்குள் மின்சாரச் சிறு ரயிலில் கூட்டிப்போகிறார்கள். கம்பளி யானை (மாமத்) ஓவியங்கள் நூற்றுக்கும் மேலே. குகைக் கரடிகள் உறங்கிய குழிகளும் நகக்கீறல்களும் வழியெல்லாம் இருக்கும். கோடையானாலும் ஸ்வெட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், உள்ளே எப்போதும் குளிர்தான்.

மீன் மறைவிடம் என்று ஒரு சின்னப் பாறையொதுக்கு உண்டு, பலர் தவறவிடுவது. அதன் கூரையில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஓர் ஆண் சால்மனைச் செதுக்கியிருக்கிறார்கள். முட்டையிடும் பருவத்தில் அந்த மீனின் கீழ்த்தாடை கொக்கி மாதிரி வளையும், அதையும் விடவில்லை. அந்தச் சிற்பத்தைச் சுற்றிச் செவ்வகமாக ஆழமான வெட்டு தெரியும். அது பழங்கால வேலை இல்லை. 1912இல் கண்டுபிடித்த கையோடு, பெயர்த்தெடுத்து விற்கப் பார்த்த வெட்டு. அரசு தலையிட்டதால் மீன் தப்பியது.

இந்த ஆற்றில் பத்தொன்பதாம் நூற்றாண்டு வரை சரக்குப் படகுகள் மோன்தின்யாக் வரை வந்தன. உப்பு மேலே போகும், மதுவும் மரமும் கீழே இறங்கும். ரயில் வந்ததும் அந்தத் தொழில் முடிந்தது. அதே ரயில் காலத்தில்தான், 1868இல், லெஸேஸியில் சாலை போட மண் வெட்டிய தொழிலாளர்கள் க்ரோ-மான்யோன் பாறையடியில் பனியுகத்து நம் இன மனிதர்களின் எலும்புக்கூடுகளைத் தோண்டினார்கள். கூடவே அட்லாண்டிக் கடலிலிருந்து வந்த துளையிட்ட சிப்பிகள் நிறைய. இன்றும் ரயிலில் போய் லெஸேஸியில் இறங்கலாம். க்ரோ-மான்யோன் பாறையும் தேசியத் தொல்பழங்கால அருங்காட்சியகமும் நடந்துபோகும் தூரம்தான். ரயில்கள் குறைவு, திரும்பும் நேரத்தை முதலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

நன்றி, வணக்கம்.