‘கேஷ்’ நம் காசிலிருந்து வந்ததா?

[திரையில்: கேஷ், காசு என்ற இரு சொற்களும் அருகருகே]

ஆங்கிலத்தில் ரொக்கத்தைக் குறிக்கும் ‘கேஷ்’ என்ற சொல் தமிழ்க் ‘காசு’விலிருந்து பிறந்தது என்று பலர் உறுதியாகச் சொல்வதுண்டு. ஒலி அவ்வளவு நெருங்கியிருப்பதால் யாருக்கும் ஐயம் எழுவதில்லை. ஆனால் ஆங்கிலத்தில் இதே வடிவில் இரண்டு தனித்தனிச் சொற்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றுதான் நம்முடையது.

கடைகளில் இன்று வழங்கும் ‘கேஷ்’ லத்தீன் வழி வந்தது. பெட்டியைக் குறித்த ‘காப்ஸா’ என்ற லத்தீன் சொல் இத்தாலியத்தில் ‘காஸ்ஸா’ எனத் திரிந்து, பிரெஞ்சு வழியாக 16ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஆங்கிலத்துக்குள் வந்தபோது பணப்பெட்டியையே குறித்தது. பெட்டியின் பெயர் அதனுள் இருக்கும் பணத்துக்கு ஆகிவந்தது பிறகுதான். நாம் விழுங்கும் மாத்திரையின் ‘கேப்ஸ்யூல்’ என்ற பெயரும் அதே வேரில் கிளைத்ததே.

[திரையில்: 1808ஆம் ஆண்டின் செப்பு நாணயம்]

இனி நம் சொல்லுக்கு வருவோம். ஏழாம் நூற்றாண்டிலேயே திருவீழிமிழலையில் சம்பந்தர் ‘வாசி தீரவே காசு நல்குவீர்’ என்று பாடியிருப்பதால், இது நமக்கு எவ்வளவு பழைய சொல் என்பது விளங்கும். தென்னிந்தியக் கரைக்கு வந்த போர்ச்சுக்கீசியர் இதைத் தம் நாவுக்கேற்ப மாற்றி ‘கைஷா’ என்றார்கள். அவர்கள் மொழியில் பெட்டிக்கும் அதுவே பெயர் என்பதுதான் இந்த வரலாற்றில் என்னை மிகவும் வியக்கவைக்கும் தற்செயல். அவர்களிடமிருந்து ஆங்கிலேயர் பெற்ற வடிவமே இரண்டாவது ‘கேஷ்’.

சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி நடத்திய கணக்கில் 80 காசு ஒரு பணம். 42 பணம் ஒரு வராகன். ஆக, ஒரு வராகனுக்கு 3,360 காசு. அந்தக் கணக்குக்காக இங்கிலாந்தில் அச்சான 1808ஆம் ஆண்டு நாணயத்தின் ஒரு பக்கத்தில் கம்பெனியின் சின்னம் இருக்கிறது. மறுபக்கத்தில் பாரசீக எழுத்துகளும், அவற்றின் கீழே ரோமன் எண்ணில் இருபதும், அதையொட்டி ஆங்கில எழுத்தில் ‘கேஷ்’ என்ற சொல்லும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தச் சொல் நம் காசேதான்.

நடுவில் சதுரத் துளையிட்ட சீனச் செப்பு நாணயங்களையும் ஆங்கிலேயர் இதே பெயரால் அழைத்தனர். நாணயவியலாளர்கள் அவற்றை இன்றும் அப்படித்தான் குறிப்பிடுகிறார்கள்.