தண்ணி பில்லுக்கு இரண்டு மணி நேரம்

[காட்சி: கொழும்பு கோட்டை ரயில் நிலையம், மாலை. கரையோர ரயில் நிரம்பி வழிகிறது. வாசல் கம்பியைப் பிடித்த கைகள்.]

குரல்: மணி ஐந்தரை தாண்டிவிட்டது. இந்த ரயிலில் என் சிநேகிதி ஒருத்தி வெள்ளவத்தைக்குப் போக வேண்டும். வாரத்தில் ஒரு நாள் வந்தால் பெரிய விஷயம். பக்கத்தில் ஒரு கண்ணாடிக் கட்டடத்தில் அவளுக்கு வேலை. லண்டன் கம்பனிகளின் கணக்கு. இரண்டு பட்டியல்களை வைத்துக்கொண்டு அவற்றின் எண்கள் பொருந்துகின்றனவா என்று பார்ப்பாள். பொருந்தினால் ஒரு பச்சை டிக். ஆறு வருடமாகப் பச்சை டிக்.

அலுத்துக்கொண்டால் யாழ்ப்பாணத்திலிருந்து அம்மா ஃபோனில் சொல்லும் பதில் ஒன்றுதான். "பிள்ளை, நாங்கள் பட்ட பாட்டுக்கு நீ ராணி மாதிரி இருக்கிறாய். குழாயைத் திறந்தால் தண்ணி, சுவிட்சைப் போட்டால் ஃபேன். வேலை எண்டால் அப்படித்தான் இருக்கும்."

சரி, அம்மா சொல்வதை முதலில் கேட்போம்.

[காட்சி: ஆட்டுக்கல். ஊறிய உளுந்து. குழவியைச் சுற்றும் கை.]

குரல்: 1934, 35இல் இலங்கையில் வந்த மலேரியா சுமார் 80,000 பேரைக் கொண்டுபோனது. 1946இல் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் 141 குழந்தைகள் ஒரு வயதைக் காணவில்லை. இன்று அந்த எண் பத்துக்கும் கீழே. அந்தக் காலம் பொற்காலம், ஆட்டுக்கல் தோசைக்கு ஈடே இல்லை என்று பேசுபவர்களைக் கவனியுங்கள். பெரும்பாலும் அவர்கள் தோசையைச் சாப்பிட்டவர்கள், மாவை ஆட்டியவர்கள் இல்லை.

இன்னொரு கதையும் சுற்றுகிறது. ஆப்பிரிக்காவின் கலஹாரிப் பாலைவனத்து வேட்டைச் சமூகத்தினர் வாரத்துக்கு 20 மணி நேரம்கூட வேலை செய்வதில்லையாம். 1960களில் ரிச்சர்ட் லீ என்ற மானிடவியலாளர் எடுத்த கணக்கு அது. ஆனால் அது உணவு தேடும் நேரம் மட்டும். சமையல், கருவி செய்வது எல்லாம் சேர்த்தபோது அவருடைய கணக்கே 40 மணியைத் தாண்டியது. அதனால் காட்டுக்குத் திரும்பும் யோசனையை இங்கேயே விட்டுவிடுவோம்.

வசதி உண்மை. ஆனால் அந்த வசதிக்காகத்தான் அவள் இரவு எட்டு மணி வரை அங்கே இருக்கிறாளா?

[காட்சி: சமையலறை மேசை. பில்கள், ஒரு கல்குலேட்டர்.]

குரல்: ஒரு ஞாயிற்றுக்கிழமை இருவரும் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். 1954ஆம் ஆண்டின் கடை, அலுவலக ஊழியர் சட்டப்படி நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 45. மாதத்துக்கு 195 மணி நேரம் வருகிறது. அவள் சம்பளம் 1,17,000 ரூபாய். வகுத்தால் ஒரு மணி நேரம் 600 ரூபாய். இனிமேல் ரூபாயை மறந்துவிடுங்கள், எல்லாம் மணி நேரம்தான்.

தண்ணி பில் இரண்டு மணி நேரம். லைட் பில் எட்டு. 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணி நேரம் கரண்ட் இல்லாமல் வேர்த்துக்கிடந்தோமே, நள்ளிரவில் ஃபேன் சுற்றத் தொடங்கும் அந்தச் சத்தத்துக்கு எட்டு மணி நேரம் என்ன, பதினாறுகூடக் கொடுப்பேன். சின்ன வயதில் போட்ட தடுப்பூசிக்கு அவள் கையிலிருந்து ஒரு சதமும் போகவில்லை. அது வரிப்பணத்தில் வந்தது.

ஆக, அம்மா சொன்ன குழாயும் ஃபேனும் பத்து மணி நேரத்தில் முடிந்துவிட்டன. மாதத்தில் ஒன்றேகால் நாள்!

வாடகையில் அவள் பங்கு 75 மணி நேரம். இதுதான் பெரிய பூதம், இதை அவளால் ஒன்றும் செய்ய முடியாது. வெள்ளவத்தையில் காலி (Galle) வீதிக்கும் கடலுக்கும் நடுவே இருப்பது ஒரு துண்டு நிலம். எல்லோரும் இன்னும் பத்து மணி நேரம் கூடுதலாக உழைத்தாலும் அங்கே நிலம் முளைக்காது, வாடகைதான் ஏறும். 1930இல் கெய்ன்ஸ் என்ற பொருளாதார அறிஞர், நூறு வருடத்தில் வாரத்துக்கு 15 மணி நேர வேலை போதுமாக இருக்கும் என்று எழுதினார். அவர் வெள்ளவத்தையில் வீடு தேடியிருக்க வேண்டும்.

அடுத்த வரியில்தான் இருவரும் பேச்சை நிறுத்தினோம். ஆப்பில் ஓடர் பண்ணிய இரவுச் சாப்பாடு, மாதத்தில் பத்துத் தடவை: 30 மணி நேரம். பிந்திய இரவுகளில் பிடித்த டாக்ஸி: 18 மணி நேரம். மொத்தம் 48.

ஏன் பிந்துகிறது? லண்டனில் காலை ஒன்பது என்றால் இங்கே பிற்பகல் ஒன்றரை, குளிர்காலத்தில் இரண்டரை. அவள் பையைத் தூக்கும் நேரத்தில்தான் அங்கே ஆட்கள் சுறுசுறுப்பாகிறார்கள். (போயா தினம் என்று பௌர்ணமி விடுமுறை ஒன்று உண்டென்று அவர்களுக்கு இன்னும் விளங்கவில்லை.) நாளுக்கு இரண்டரை மணி நேரம், மாதத்துக்கு ஏறக்குறைய 50. எக்செக்யூட்டிவ் பதவி என்பதால் ஓவர்டைம் காசு கிடையாது.

அதாவது 50 மணி நேரம் இலவசமாகக் கொடுக்கிறாள். அப்படிக் கொடுத்ததால் வரும் செலவுக்கு இன்னொரு 48 மணி நேரச் சம்பளத்தையும் கொடுக்கிறாள். அந்த டாக்ஸியையும் பெட்டிச் சோற்றையும் சொகுசு என்று சொல்லத்தான் எனக்கு மனம் வரவில்லை. களைப்புக்குக் கட்டும் அபராதம் அது.

[காட்சி: வெள்ளவத்தைச் சந்தை. மஞ்சள் பல்பின் கீழ் கீரைக் கட்டுகள்.]

குரல்: பதினொரு மணிக்குத் தொடங்கி ஏழரைக்கு முடிக்கலாமா என்று மேலாளரிடம் கேட்டிருக்கிறாள். "மேலே கேட்டுச் சொல்கிறேன்" என்றாராம். மூன்று வாரம் ஆகிறது.

போன புதன்கிழமை எப்படியோ ஐந்தரை ரயில் கிடைத்தது. இறங்கிச் சந்தைக்குள் போனாள். பருப்பு, ஒரு கட்டு கங்குன் கீரை, பாதித் தேங்காய்: 360 ரூபாய். அடுப்பில் பருப்பு கொதிக்கும்போது எனக்கு ஒரு மெசேஜ் வந்தது. "36 நிமிஷம்."