வீட்டுப் பின்பால் இயந்திரம் பழுதானால்

நேயர்களுக்கு வணக்கம்.

சாய்ந்த பலகையில் உருளும் குண்டைத் துடுப்புகளால் தட்டி ஆடும் பின்பால் (pinball) இயந்திரம் வீட்டில் இருந்தால், ஒருநாள் ஏதாவது ஒன்று வேலை செய்யாமல் போகும். 1970களின் பிற்பகுதியில் இவற்றுக்குள் மின்னணுப் பலகைகள் (போர்டுகள்) நுழைந்தன. அப்போதிலிருந்து பலரும் செய்வது ஒன்றுதான்: பழுது என்றதும் சந்தேகத்துக்குரிய போர்டை மாற்றிவிடுவது. அது வேண்டாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். பழுது எத்தனை இடத்தில், எந்த வடிவில் தெரிகிறது என்று முதலில் பாருங்கள். பாதி பதில் அதிலேயே இருக்கிறது.

சுவிட்சுகளை எடுத்துக்கொள்வோம். ஆடுகளத்தில் உள்ள சுவிட்சுகளுக்குத் தனித்தனி வயர் போர்டுக்குப் போவதில்லை. பெரும்பாலான இயந்திரங்களில் அவை நிரை, நிரலாக, கட்டம் கட்டமாக இணைக்கப்பட்டிருக்கும். 8 நிரை, 8 நிரல் என்றால் 16 வயரில் 64 சுவிட்ச் அடங்கிவிடும். ஒரே ஒரு சுவிட்ச் வேலை செய்யவில்லையா? அந்த சுவிட்சின் தொடுமுனை, அதிலுள்ள டயோடு (மின்சாரத்தை ஒரே திசையில் மட்டும் விடும் சிறு பாகம்), அங்கே வரும் வயர், இவற்றைப் பார்த்தால் போதும். ஒரே நிரையில் உள்ள பல சுவிட்சுகள் சேர்ந்தாற்போல் செத்துக் கிடந்தால், வயர் அறுந்திருக்கலாம், கனெக்டர் தளர்ந்திருக்கலாம், போர்டில் அந்த நிரையைப் படிக்கும் சிப் போயிருக்கலாம். ஒன்றைத் தொட்டால் சம்பந்தமில்லாத வேறொன்றும் பதிவாகிறதா? ஏதோ ஒரு டயோடு ஷார்ட் ஆகியிருக்க வாய்ப்பு அதிகம். விளக்குகளும் பெரும்பாலும் இதே கட்டமைப்புதான்.

அடுத்து காயில், அதாவது மின்சாரம் பாய்ந்ததும் காந்தமாகி உள்ளிருக்கும் தண்டை இழுக்கும் கம்பிச்சுருள். இங்கேதான் நிறைய பணம் வீணாகிறது, அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன். காயிலுக்கு மின்சாரம் எப்போதும் வந்துகொண்டே இருக்கும். அதன் மறுமுனையை ஒரு டிரான்சிஸ்டர் (போர்டிலுள்ள மின்னணு சுவிட்ச்) நொடிப்பொழுது தரையோடு, அதாவது மின்சாரம் திரும்பிப் போகும் வழியோடு, இணைக்கும்போதுதான் காயில் இழுக்கும். அந்த டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆகிவிட்டால், இயந்திரத்தைப் போட்டதுமே காயில் இழுத்து அப்படியே பிடித்துக்கொள்ளும். கருகல் வாடை வரும். உடனே நிறுத்திவிடுங்கள்.

இப்போது காயிலை மட்டும் மாற்றினால், ஷார்ட் ஆன டிரான்சிஸ்டர் புதுக் காயிலையும் எரித்துவிடும். டிரான்சிஸ்டரை மட்டும் மாற்றினால், உள்ளே சுற்று உருகி ஒட்டிய பழைய காயில் அளவுக்கு மீறி மின்னோட்டத்தை இழுத்து, புது டிரான்சிஸ்டரையும் கொன்றுவிடும். இரண்டையும் அளந்தே ஆக வேண்டும். காயிலின் மின்தடை 2 ஓமுக்குக் கீழே காட்டினால் சந்தேகப்படுங்கள். டிரான்சிஸ்டருக்கு, மல்டிமீட்டரை டயோடு சோதனையில் வைத்து, பக்கத்திலேயே நன்றாக வேலை செய்யும் அதே வகை டிரான்சிஸ்டரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும். அப்புறம், காயில் மேலுள்ள டயோடின் கோடு போட்ட முனை மின்சாரம் வரும் பக்கத்தில்தான் இருக்க வேண்டும். மாறினால் ஃபியூசோ டிரான்சிஸ்டரோ போகும்.

ஃபியூஸ் என்றதும் ஒரு வார்த்தை. போகும் ஃபியூசுக்குப் பதில் அதைவிடப் பெரிய ஆம்பியர் ஃபியூசைப் போடாதீர்கள். எத்தனை முறை போனாலும் சரி, ஷார்ட் எங்கே என்று தேடுங்கள். இல்லாவிட்டால் ஃபியூசுக்குப் பதில் போர்டும் வயரும் எரியும்.

இன்னொரு பிரபலமான தொல்லை: ஃப்ளிப்பர் (குண்டைத் தட்டும் துடுப்பு) பட்டன்களை அழுத்தியதும் ஆட்டம் பாதியில் நின்று, இயந்திரம் மறுபடி முதலிலிருந்து தொடங்குவது. 1990களின் இயந்திரங்களில் இதை நிறையப் பார்க்கலாம். ஃப்ளிப்பர் மின்சாரத்தை உறிஞ்சும் கணத்தில் போர்டுக்கு வரும் 5 வோல்ட் மின்னழுத்தம் சரிந்து, போர்டு தன்னைத்தானே ரீசெட் செய்துகொள்கிறது. புரோகிராம் சிப்பைக் குறை சொல்லாதீர்கள். மாறுமின்சாரத்தை நேர்மின்சாரமாக மாற்றும் பிரிட்ஜ் ரெக்டிஃபையர், வயதான பெரிய கெப்பாசிட்டர் (மின்னேற்றத்தைச் சேமிக்கும் பாகம்), விரிசல் விட்ட ஈயப்பற்று, கருகிய கனெக்டர் பின், இவைதான் முக்கியமாகப் பார்க்க வேண்டியவை. என் அனுபவத்தில் கனெக்டர்களே அதிகம் ஏமாற்றுகின்றன. வெளியே பார்க்க நன்றாகவே இருக்கும்.

அளக்கும்போது கவனம். புள்ளிகளால் எழுத்தும் படமும் காட்டும் டிஸ்ப்ளே உள்ள இயந்திரங்களில் 100 வோல்டுக்கு மேலும் இருக்கும். வயரைக் கழற்றும் முன் இயந்திரத்தை நிறுத்தி, பிளக்கையே பிடுங்கிவிடுங்கள். கெப்பாசிட்டர்கள் வடியக் கொஞ்சம் நேரம் விடுங்கள்.

கடைசியாக பேட்டரி. அமைப்புகளையும் அதிக மதிப்பெண்களையும் நினைவில் வைத்திருக்க போர்டில் பேட்டரி வைத்திருப்பார்கள். அது கசிந்தால் செம்புத் தடங்களைத் தின்றுவிடும். பச்சை, வெள்ளைப் படலம் தெரிந்தால் இன்றே எடுத்துவிடுங்கள். பேட்டரிப் பெட்டியை வயர் வைத்து போர்டிலிருந்து தள்ளி வையுங்கள், அல்லது பேட்டரியே தேவைப்படாத நினைவக சிப்புக்கு மாறுங்கள்.

நன்றி, வணக்கம்.