வாசலில் நிறுத்துவது அன்பே

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். "புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பவரைப் பார்க்க வரும் உறவினரை வாசலில் நிறுத்துவது அன்பா, அவமதிப்பா?" என்னும் இந்த வழக்கில், அது அன்பே என்று வாதாட எழுந்திருக்கிறேன். எனக்கு முன் பேசிய எதிரணித் தலைவர், உடன்பிறந்த அக்காளைப் பார்க்க மதுரையிலிருந்து பேருந்தேறி வந்த தம்பியிடம் "சளி, காய்ச்சல் உண்டா?" என்று கேட்பதைவிடப் பெரிய அவமானம் வேறு உண்டா என்று கேட்டுக் கைதட்டலும் பெற்றார். அந்தத் தம்பியின் வருத்தம் பொய்யென்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் பார்க்க வந்த அக்காளின் உடம்புக்குள் அந்த வாரம் என்ன நடக்கிறது என்பதைப் பற்றி எதிரணியினர் ஒரு வரிகூடப் பேசவில்லை.

கீமோதெரபி மருந்து, வேகமாகப் பெருகும் புற்றணுக்களை அழிக்கும்போது, எலும்பு மஜ்ஜையில் வேகமாகப் பிறக்கும் இரத்த அணுக்களின் உற்பத்தியையும் சேர்த்தே முடக்குகிறது. கிருமியை முதலில் எதிர்த்து நிற்கும் நியூட்ரோஃபில் என்னும் வெள்ளை அணு, நலமாக இருப்பவருக்குப் பொதுவாக ஒரு மைக்ரோ லிட்டர் இரத்தத்தில் 1,500-க்குக் குறையாது. பல மருந்துகளில், மருந்து ஏற்றிய 7 முதல் 14 நாள்களுக்குள் அது 500-க்கும் கீழே இறங்கிவிடக்கூடும். சீழில் பெரும்பகுதி இறந்த நியூட்ரோஃபில்களே என்பதால், அந்த நாள்களில் கிருமி தொற்றினாலும் சீழ்கூடச் சரியாகப் பிடிக்காது. பல நேரங்களில் காய்ச்சல் ஒன்றே அறிகுறி. 100.4 டிகிரி காய்ச்சல் நமக்கு ஒரு மாத்திரையோடு போய்விடும். அவருக்கோ, நள்ளிரவானாலும் மருத்துவமனைக்கு ஓடவேண்டிய அவசரம் அது.

"நன்றாகத்தான் இருக்கிறேன்" என்று வருபவர் சொன்னால் நம்பக்கூடாதா என்கிறார்கள். அவர் பொய் சொல்வதாக யாரும் சொல்லவில்லை. அவருக்கே தெரியாது என்பதுதான் சிக்கல். ஃப்ளூ காய்ச்சல், அறிகுறி தோன்றுவதற்கு ஒரு நாள் முன்பே பரவத் தொடங்குகிறது. சின்னம்மை, கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பே பரவுகிறது. தட்டம்மையோ, உடம்பில் தடிப்பு தெரிவதற்கு 4 நாள் முன்பே பரவுவதோடு, அது கண்ட குழந்தை அறையைவிட்டுப் போன பிறகும் அதன் கிருமி 2 மணி நேரம்வரை காற்றில் தங்கியிருக்கும். ஆகவே, உள்ளே வருவதா வேண்டாமா என்னும் முடிவை வந்தவரிடம் விட முடியாது.

இது நம் பண்பாட்டுக்கே புதிது என்று அவர்கள் சொன்னதுதான் எனக்கு வியப்பு. அம்மை கண்ட வீட்டு நிலையில் வேப்பிலை செருகியிருந்தால் எந்தச் சம்பந்தியும் படியேறியதில்லை. அதற்காகப் பஞ்சாயத்துக் கூட்டியதும் இல்லை. உள்ளிருந்த நோய் வெளியே போகாமல் காத்த அதே கட்டுப்பாட்டை, வெளியிலிருக்கும் நோய் உள்ளே வராமல் காக்கக் கைக்கொள்ளச் சொல்கிறோம், அவ்வளவுதான். இரத்த தானம் செய்யப் போனாலும் சளி, காய்ச்சல் உண்டா என்று கேட்டு, உண்டென்றால் திருப்பி அனுப்புகிறார்கள். அங்கே கோபித்துக்கொண்டு வந்தவரை நான் கண்டதில்லை.

எதிரணியின் ஒரு குற்றச்சாட்டை மட்டும் ஒப்புக்கொள்கிறேன். வாசலில் நின்று "இப்போது வேண்டாம்" என்று சொல்பவர் பெரும்பாலும் மருமகள். "அவள்தான் எங்களை அண்டவிடவில்லை" என்னும் பழி, நோய் தீர்ந்த பிறகும் தீராது. அதற்காக வாசலைத் திறந்துவிட வேண்டியதில்லை. அந்தச் சொல்லை மகன் சொல்லவேண்டும். நோயாளியைக் கேட்டு முடிவு செய்யலாம் என்பதும் சரியாகாது, எழுந்து உட்காரத் தெம்பில்லாத போதும் "வா தம்பி, சாப்பிட்டாயா?" என்று கேட்டுப் பழகியவரிடம், வேண்டாம் என்று சொல்லும் வேலையையும் ஏற்றுவது கொடுமை.

தனிமையும் ஒரு நோய்தான் என்றார் அடுத்த பேச்சாளர். மறுக்கவில்லை. 21 நாள்களுக்கு ஒருமுறை மருந்து ஏற்றிக்கொள்பவருக்கு, பொதுவாக மூன்றாம் வாரத்தில் அணுக்கள் மீண்டுவருகின்றன. இரத்தப் பரிசோதனையைப் பார்த்து மருத்துவர் சரியென்று சொன்னால், உடல்நலக் குறைவு ஏதுமில்லாதவர்கள் ஓரிருவராக வந்து, சோப்புப் போட்டுக் கை கழுவி, முகக்கவசம் அணிந்து, சன்னல் திறந்த அறையில் அமர்ந்து பேசலாம். அந்த நாள்களை மகன் முன்கூட்டியே தொலைபேசியில் சொல்லிவிட்டால், யாரும் வெளியூரிலிருந்து வந்து வாசலில் நிற்கவேண்டிய நிலையே வராது. வாய்ப்புக்கு நன்றி கூறி அமர்கிறேன்.