மாணவர்கள் போராடிப் பெற்ற கூரை

வணக்கம் நண்பர்களே. அமெரிக்காவின் சியாட்டில் நகரின் புரூக்ளின் அவென்யூவில், வாஷிங்டன் பல்கலைக்கழக வளாகத்தின் மேற்குப் பக்கத்தில், சாமுவேல் ஈ. கெல்லி இனப் பண்பாட்டு மையம் என்ற மூன்று தளக் கட்டடம் இருக்கிறது. பல இனங்களைச் சேர்ந்த மாணவர்கள் கூடிப் பேசவும், படிக்கவும், தங்கள் சங்கங்களை நடத்தவும் உரிய இடம் அது. நிர்வாகம் மனமுவந்து செய்துகொடுத்த வசதி இது என்று பலர் எண்ணிவிடுகிறார்கள். அந்த எண்ணம் சரியன்று என்பதைச் சொல்லத்தான் இந்தக் காணொளியைப் பதிவு செய்கிறேன்.

1968ஆம் ஆண்டின் தொடக்கத்தில் அங்கே கருப்பின மாணவர் ஒன்றியம் உருவானது. ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக்கொல்லப்பட்டார். அடுத்த மாதமே, சிறுபான்மை மாணவர்களைக் கூடுதலாகச் சேர்க்க வேண்டும், கருப்பினப் பேராசிரியர்களை நியமிக்க வேண்டும், கருப்பின வரலாற்றையும் பண்பாட்டையும் பாடமாக்க வேண்டும் என்ற கோரிக்கைகளை ஒன்றியத்தினர் பல்கலைக்கழகத் தலைவர் சார்லஸ் ஓடிகார்டிடம் வைத்தார்கள். அங்கே தலைவர் என்பவர், நம் ஊர்த் துணைவேந்தரின் இடத்தில் இருப்பவர். மே 20 அன்று அவருடைய அலுவலகத்திலேயே உள்ளிருப்புப் போராட்டம் தொடங்கி, ஏறக்குறைய நான்கு மணி நேரத்தில் உடன்பாட்டோடு முடிந்தது.

என்னை மிகவும் நெகிழ வைப்பது அதன் பிறகு நடந்ததுதான். வெற்றி பெற்ற கருப்பின மாணவர்கள் தங்கள் சமூகத்துக்கு மட்டும் கதவைத் திறந்துவிட்டு நிற்கவில்லை. அந்தக் கோடையில் அவர்களே ஊர் ஊராகச் சென்று புதிய மாணவர்களைத் திரட்டினார்கள். பண்ணைத் தொழிலாளர் குடும்பங்கள் நிறைந்த யாக்கிமா பள்ளத்தாக்கிலிருந்து மெக்சிகோ வம்சாவளி இளைஞர்களும், அமெரிக்கப் பழங்குடி இளைஞர்களும் அவர்கள் முயற்சியால் பல்கலைக்கழகத்துக்குள் வந்தார்கள்.

வந்தவர்களுக்குத் துணை நிற்கச் சிறுபான்மையினர் விவகார அலுவலகம் அமைந்தது. 1970இல் அதன் பொறுப்பை ஏற்ற சாமுவேல் கெல்லி, பள்ளிப் படிப்பை முடிக்காமலே ராணுவத்தில் சேர்ந்து, லெப்டினன்ட் கர்னலாக ஓய்வு பெற்று, பின்னர் கல்வித் துறைக்கு வந்தவர். அப்பல்கலைக்கழகத்தின் முதல் கருப்பினத் துணைத் தலைவரும் அவரே. இடம் பிடித்துத் தந்தால் மட்டும் போதாது, உள்ளே வந்த பிள்ளை ஊன்றி நிற்கவும் ஓர் இடம் வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். 1972இல் எழுந்த பண்பாட்டு மையம் அத்தகைய இடமாகவே அமைந்தது.

அதை வடிவமைத்த பெஞ்சமின் மக்அடூ, வாஷிங்டன் மாநிலத்தில் உரிமம் பெற்ற முதல் கருப்பினக் கட்டடக்கலைஞர். கருப்பினத்தவர், ஆசியர், சிக்கானோக்கள் எனப்படும் மெக்சிகோ வம்சாவளியினர், பழங்குடியினர் ஆகிய நான்கு பிரிவினருக்கும் தனித்தனி அறைகள், எல்லாம் ஒரே கூரையின் கீழ். சிக்கானோ அறையின் சுவரோவியத்தை எமிலியோ அகுவாயோ என்ற மாணவர் தீட்டினார்.

பழைய கட்டடம் காலப்போக்கில் போதாமல் போனது. அதே இடத்தில் கட்டிய புதிய கட்டடம் 2013இல் திறக்கப்பட்டது. 2009இல் மறைந்த கெல்லி அதைப் பார்க்கவில்லை. அதன் வாசலில் அவர் பெயர் இருக்கிறது.