பழைய அலுமாரிக் கதவில் கட்டிலுக்கு ஒரு குஷன் தலைமாடு

நேயர்களுக்கு வணக்கம்.

நம்முடைய பக்கத்து வீடுகளில் பழுதான தளபாடத்தை லேசில் எறிய மாட்டார்கள். கால் போன செற்றி விறாந்தையில் கிடக்கும். கதவு கழன்ற அலுமாரி குசினிக்குப் பின்னால் நிற்கும். இந்த இரண்டையும் வைத்துக்கொண்டு கட்டிலுக்குக் குஷன் போட்ட தலைமாட்டுப் பலகை ஒன்றைச் செய்வதைப் பற்றித்தான் இன்றைக்குப் பேசப்போகிறேன். காசு கொடுத்து வாங்க வேண்டியவை மேல்துணி, பொலியெஸ்டர் பஞ்சு, ஸ்டேப்ளர் பின், பசை, திருகாணி, வோஷரோடு நாலு போல்ட், வெல்குரோ, பழைய மரம் இல்லையென்றால் கால்களுக்குச் சட்டம். அளவுகள் சொல்லுவேன், தாளும் பென்சிலும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் பலகை. ஆறடிக்கு ஐந்தடிக் கட்டிலுக்கு 60 அங்குல நீளமும் 24 அங்குல உயரமும் போதும். அலுமாரிக் கதவைப் படுக்கையாகத் திருப்பினால் அந்த அளவு பெரும்பாலும் கிட்டத்தட்டக் கிடைத்துவிடும். இரண்டு மூன்று அங்குலம் கூடுதலாக நீண்டால் வெட்டாமல் விடுங்கள், இரண்டு பக்கமும் சமமாக நீட்டி நிற்கட்டும். சட்டம் போட்ட கதவில் ஒரு முனையை அறுத்தால் மூலைப் பொருத்து போய், நடுப்பலகை ஆடத் தொடங்கும். அறுத்தே ஆக வேண்டுமென்றால், அறுத்த முனையில் ஒரு ரீப்பையைப் பசையும் திருகாணியும் போட்டு இறுக்குங்கள். பிளைவூட் கதவுக்கு இந்தத் தொல்லை இல்லை.

சட்டக் கதவில் நடுப்பலகை கால் அங்குலம், அரை அங்குலம் உள்வாங்கி இருக்கும். அந்தப் பள்ளத்தை நிரப்பாமல் ஸ்பொஞ்ச் ஒட்டினால் சில மாதத்தில் கதவின் உருவம் துணிக்கு மேலே தெரியும். காட்போட் மட்டை வைத்து நிரப்பாதீர்கள், மாரியில் ஈரத்தைக் குடித்து ஊறிப்போகும். மெல்லிய பிளைவூட் துண்டு, அல்லது பழைய றப்பர் தும்பு மெத்தையிலிருந்து வெட்டிய துண்டு நல்லது. கண்ணாடி பதித்த கதவென்றால் கண்ணாடி முழுவதும் ஒட்டுநாடாவைக் குறுக்கும் நெடுக்குமாக ஒட்டிவிட்டுப் பிறகு கழற்றுங்கள்.

சிப்போட் கதவு வேண்டாம். வாவிக் காற்றில் அது ஓரத்தால் ஊதிவிடும். ஊதின சிப்போட்டில் ஸ்டேப்ளர் பின் நிற்காது, திருகாணி சுற்றிக்கொண்டே இருக்கும்.

மரக் கதவில் பார்க்க வேண்டியது உளு. ஊசி குத்தினாற்போல வட்டத் துளைகள் இருந்தால், கதவைக் கறுப்புத் தாளின் மேல் இரண்டு மூன்று நாள் வைத்து, பிறகு தட்டிப் பாருங்கள். புதிதாக அரிசி மாப்போலத் தூள் விழுந்தால் வண்டு உள்ளே உயிரோடு இருக்கிறது. உளு மருந்தைத் தூரிகையால் இரண்டு தரம் பூசி, துளைகளுக்குள் சிரிஞ்சால் விட்டு, நன்றாகக் காயவிட்ட பிறகே குஷன் போடலாம். பழைய எனாமல் பெயின்ரில் ஈயம் இருக்கக்கூடும். அதை உலரத் தேய்க்காதீர்கள். ஈரத்தோடு தேய்த்து, தூளைத் துடைத்து எடுங்கள், பிள்ளைகளைத் தள்ளி வையுங்கள்.

அடுத்தது செற்றி ஸ்பொஞ்ச். உறையைக் கிழித்ததும் தையல் ஓரங்களைப் பாருங்கள். கறுப்புப் புள்ளி புள்ளியாக இருந்தால் அது மூட்டைப்பூச்சியின் எச்சம். அந்த ஸ்பொஞ்ச் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் படுக்கை அறைக்குள் எடுக்கவே கூடாது. மூட்டை இல்லையென்றால் கட்டைவிரலால் அமத்திப் பாருங்கள். உடனே எழும்பினால் நல்லது. மஞ்சள் தூளாக உதிர்ந்தால் அதன் ஆயுள் முடிந்துவிட்டது.

நல்ல ஸ்பொஞ்சைச் சவர்க்காரத் தண்ணீரில் அமத்தி அமத்திக் கழுவி, நிழலில் காற்றோட்டமாகக் காயவையுங்கள். வெயிலில் போட்டால் கெதியாகக் காயும்தான், ஆனால் வெயில் ஸ்பொஞ்சைத் தின்னும். மேல் காய்ந்தாலும் நடு ஈரமாக இருக்கும். ஒரு கடதாசியை வைத்துக் கையால் பலமாக அமத்துங்கள், கடதாசி நனைந்தால் இன்னும் விடுங்கள். கச்சான் காற்றடிக்கும் வறண்ட மாதங்களில் இந்த வேலையை வைத்துக்கொள்வதுதான் என் யோசனை. கார்த்திகை, மார்கழி மழையில் ஈர ஸ்பொஞ்சைத் துணிக்குள் பூட்டினால் பூஞ்சணம் நிச்சயம், அந்த மணம் தலையணை வரைக்கும் வரும்.

இரண்டு அங்குலத் தடிப்பு போதும். செற்றியில் இருந்து இருந்து நடு அமுங்கியிருக்கும், ஆகவே ஓரத்துத் துண்டுகளை எடுத்து இணையுங்கள். நீளமான கூர்க் கத்தியை நனைத்து, அமத்தாமல் இழுத்து இழுத்து வெட்டினால் விளிம்பு நேராக வரும். ஒட்டுவதற்கு றப்பர்ப் பசை. வெள்ளைப் பசை காய்ந்ததும் கட்டியாகி, சாயும்போது முதுகில் உறுத்தும். றப்பர்ப் பசையின் ஆவி தீப்பிடிக்கும், அடுப்புக்குப் பக்கத்தில் வேண்டாம், யன்னல் திறந்திருக்கட்டும். ஸ்பொஞ்சைப் பலகை விளிம்போடு சரியாக வெட்டுங்கள். இரண்டு அங்குல ஸ்பொஞ்சைப் பின்பக்கம் மடித்தால் மூலை குண்டு குண்டாக நிற்கும். விளிம்பைச் சுற்றி வர வேண்டியது மேலே விரிக்கும் பொலியெஸ்டர் பஞ்சு மாத்திரம். ஸ்பொஞ்ச் இணைப்புக் கோடுகளை மறைப்பதும் அதுதான்.

இனித் துணி. ரெக்சின் துடைக்கச் சுகம் என்று பலர் விரும்புவார்கள். நம்முடைய வெக்கைக்கு அது ஒத்துவராது. முதுகு வேர்த்து ஒட்டும், சில வருடத்தில் வெடித்து உரியும். பருத்திதான் சரி, மருதமுனைக் கைத்தறி நம் கைக்கெட்டிய தூரத்தில் கிடைக்கிறது. வாங்கினவுடன் ஈர வெள்ளைத் துணியால் தேய்த்து, சாயம் விடுகிறதா என்று பாருங்கள். பிறகு ஒருதரம் கழுவிக் காயவையுங்கள், சுருங்குவது பலகையில் ஏறுவதற்கு முன்பே சுருங்கட்டும்.

கணக்கைக் குறித்துக்கொள்ளுங்கள். ஸ்பொஞ்ச் 2 அங்குலம், பலகைத் தடிப்பு முக்கால், பின்பக்கம் மடிக்க இரண்டரை. ஒரு பக்கத்துக்கு ஐந்தேகால், இரு பக்கத்துக்கும் பத்தரை. அதனால் 60க்கு 24 பலகைக்கு வேண்டிய துணி 70½க்கு 34½ அங்குலம். இரண்டு யார் என்பது 72 அங்குலம். சுருங்குவதையும் சேர்த்து இரண்டேகால் யார் வாங்குங்கள், அகலம் 45 அங்குலமாக இருக்கட்டும். துணியைப் படுக்கையாகப் போட்டால் நீளக்கோடுகள் கட்டிலில் கிடையாக வரும். கோடு நிமிர்ந்து நிற்க வேண்டுமென்றால் அதே இரண்டேகால் யாரில் 35 அங்குலமாக இரண்டு துண்டு வெட்டலாம். ஒன்றை முழுதாக நடுவில் வையுங்கள், மற்றதை இரண்டாகப் பிளந்து இரு பக்கமும் தையுங்கள். நடுவில் ஒற்றைத் தையல் விழுந்தால் கண் அங்கேயே போய் நிற்கும்.

இந்த வேலையில் பலர் விட்டுவிடும் ஒன்றைத்தான் நான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். கைத்தறி மெல்லியது. அதை நேரே பஞ்சின் மேல் இழுத்து அடித்தால், பின் அடித்த இடங்களிலெல்லாம் பல்லுப் பல்லாகப் பள்ளம் விழும். மெதுவாக இழுத்தால் மழைக்காலத்தில் தொய்ந்து சுருக்கம் விழும். ஆகவே பழைய படுக்கை விரிப்பொன்றை உள்துணியாக முதலில் இழுத்து அடியுங்கள். பஞ்சை அமத்தி உருவம் கொடுக்கும் பாரத்தை அது தாங்கிக்கொள்ளும். மேல்துணிக்குச் சும்மா அதன்மேல் படிந்து கிடக்கும் வேலைதான்.

அடிக்கும் ஒழுங்கு இரண்டு துணிக்கும் ஒன்றே. பலகையிலும் துணியிலும் நடுக்கோட்டைச் சோக்கால் போடுங்கள். மேல் விளிம்பின் நடுவில் ஒரு பின், அதற்கு நேர் எதிரே கீழே ஒன்று, பிறகு இடம், வலம். அங்கிருந்து ஒன்றரை அங்குலத்துக்கு ஒன்றாக, எதிரெதிர் மாறி மாறி மூலை நோக்கிப் போங்கள். மூலைக்கு மூன்று அங்குலம் இருக்கும்போது நிறுத்துங்கள். மூலைத் துணியின் நுனியை முதலில் பலகையின் நடுவைப் பார்த்து இழுத்து ஒரு பின் அடித்து, மிச்சத்தைக் கத்தரித்து, இரு பக்கத்தையும் அதன்மேல் மடியுங்கள். முதிரை போன்ற வைரமான மரத்தில் 10 மில்லிமீற்றர் பின் கால் மடங்கும், 6 அல்லது 8 எடுங்கள். பிளைவூட்டுக்கு 10 சரி. கடலோரத்தில் சாதாரண பின் துருப்பிடித்து, துரு துணிக்குள் ஊறும். துருப்பிடிக்காத பின் கேட்டு வாங்குங்கள். பின்பக்கத்தை மூடுவதற்கும் பருத்தித் துணியே போடுங்கள், பொலித்தீன் அடித்தால் உள்ளே காற்றுப் போகாது.

கால் வைப்பதற்குக் கட்டிலில் மெத்தையைப் போட்டு அளக்க வேண்டும். நிலத்திலிருந்து மெத்தை மேல்மட்டம் 20 அங்குலம் என்றால், பலகையின் கீழ் விளிம்பு 17இல் நிற்கட்டும், மேல் விளிம்பு 41இல் வரும். கால் இரண்டுக்கும் மூன்று அங்குல அகலம், ஒரு அங்குலத் தடிப்புச் சட்டம், நீளம் 33 அங்குலம். கட்டிலுக்கு வெளியே நீளும் பலகையென்றாலும் கால்கள் கட்டிலின் தலைச் சட்டத்துக்கு நேரே வர வேண்டும். காலுக்கு நாலு திருகாணி, ஒன்றரை அங்குல நீளம். அதைவிட நீளமானது பலகையைத் துளைத்து ஸ்பொஞ்சுக்குள் போய்விடும். துளைகளைக் குஷன் போட முன்னரே போட்டு வைத்தால் துணி ட்ரில்லில் சுற்றாது. கட்டிலோடு சேர்ப்பதற்கு 8 மில்லிமீற்றர் போல்ட்டும் வோஷரும், காலுக்கு இரண்டு. ஆணி அடித்தால் ஆட்டத்தில் கழன்றுவிடும். சுவரில் தொங்கவிடலாமா என்று கேட்பார்கள். உள்ளே வெற்றிடமுள்ள சீமெந்துக் கல் சுவரில் பிளக் சுற்றும், கால் வைப்பதே பாதுகாப்பு.

சுவருக்கும் பலகைக்கும் இடையில் ஒரு அங்குலம் விடுங்கள். மழைக்காலத்தில் சுவர் வேர்க்கும். மெத்தைக்கும் குஷனுக்கும் இடையிலும் கை நுழையுமளவு இடம் வேண்டும், இல்லையென்றால் நுளம்பு வலையைத் தலைமாட்டில் செருக முடியாது, அந்த ஒரு இடைவெளியால் நுளம்பு உள்ளே வரும்.

கடைசியாக எண்ணெய். தலைக்கு எண்ணெய் வைத்துச் சாய்கிற வீடுகளில் ஒரு மாதத்திலேயே இரண்டு வட்டம் தெரியும். மிச்சத் துணித் துண்டுகளை இணைத்து நீளப் பட்டியாக ஒரு மேலுறை தைத்து, பலகைக்குப் பின்னால் வெல்குரோவால் ஒட்டி, முன்பக்கம் ஒரு சாண் தொங்கவிடுங்கள். வாரம் ஒருதரம் கழற்றிக் கழுவலாம். வருடங்கள் போய் மேல்துணி நைந்தால் அதன் பின்களை மாத்திரம் குறட்டால் எடுத்துப் புதுத்துணி போடுங்கள், உள்துணியைத் தொட வேண்டியதில்லை.